கடற்கரை ஊரில் பழைய வெஸ்பா: முதலில் உப்பைத் தேடுங்கள்

எங்கள் வீடு உச்சிப்புளிக்குப் பக்கம். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வாடைக் காற்றோ கச்சான் காற்றோ, எது அடித்தாலும் கடலைத் தொட்டுவிட்டுத்தான் வாசலுக்கு வரும். அப்பா வாங்கிய எல்எம்எல் வெஸ்பா முப்பது வருடத்துக்கு மேலாக இந்தக் காற்றில் நிற்கிறது. வாரத்தில் நாலு நாள் நான் அதில்தான் மண்டபம் போய் வருகிறேன். சமீப காலமாக, "தாத்தா வண்டி கொட்டகையில கிடக்குண்ணே, ஓட வைக்க முடியுமா?" என்று தம்பிமார் சிலர் கேட்டு வருகிறார்கள். இது அவர்களுக்காக எழுதியது.

மதுரையிலோ கோயம்புத்தூரிலோ ஸ்கூட்டர் நின்றால் பிளக்கையும் கார்பரேட்டரையும் பார்க்கச் சொல்லலாம். நம் கரையில் அதற்கும் முன்னால் உப்பைப் பார்க்க வேண்டும். இன்ஜின் கோளாறு என்று பட்டறையில் பிரித்துப்போட்ட வண்டிகளை நிறையப் பார்த்துவிட்டேன். அவற்றில் பலவற்றுக்கு இன்ஜினில் ஒரு குறையும் இல்லை.

இதை நானும் பணம் செலவழித்துத்தான் கற்றுக்கொண்டேன். தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை போய்விட்டுத் திரும்பும் வழியில், வண்டி சூடானதும் இழுக்காமல் திக்கித் திக்கி நின்றது. பத்து நிமிடம் ஆறவிட்டால் ஓடும், மறுபடி நிற்கும். ஒரு பட்டறையில் விட்டேன். சிலிண்டரைக் கடைந்து போர் போட்டு, புது பிஸ்டன், ரிங் மாற்றிக் கொடுத்தார்கள். ராமநாதபுரம் போய்ச் சேருவதற்குள் அதே திக்கல். கடைசியில் படகு இன்ஜின் பார்க்கும் பெரியவர் ஒருவர் வண்டியை ஒரு உதை உதைத்துப் பார்த்தார். "தம்பி, இன்ஜினு தங்கமா இருக்கு. எர்த்து சரியா வாங்கல, அவ்வளவுதான்" என்றார். எர்த் என்றால் மின்சாரம் வண்டியின் உலோகம் வழியே திரும்பும் பாதை. பிளக்குக்குப் பொறி தரும் சிடிஐ பெட்டியைப் பிடித்திருந்த போல்ட்டைக் கழற்றினார். அடியில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, விரல் நுனியில் கிரீஸ் தொட்டுத் தடவி முடுக்கினார். அந்தத் திக்கல் அதோடு போனது.

உப்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும். கடல் உப்பில் நாம் சோற்றில் போடும் உப்பு மட்டும் இல்லை, மெக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. அது காற்றிலிருக்கும் ஈரத்தைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். மழையே பெய்யாத சித்திரை மாதத்திலும், இரவில் வண்டி மேல் படிந்த உப்பு கசிந்து ஈரமாகும். அந்த ஈரம் இரும்பைத் தின்னும், ஒயர் முனைகளில் பூசணம் மாதிரி பூக்கும். 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே இந்தக் காற்று அரித்தது. 2022 டிசம்பரில் அதில் ரயில் ஓட்டத்தை நிறுத்தினார்கள், 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப்பாலம் திறந்தார்கள். அத்தனை பெரிய இரும்புக்கே அந்த நிலை என்றால், ஸ்கூட்டரின் மெல்லிய தகட்டுக்கு எவ்வளவு கவனம் தேவை என்று யோசித்துப் பாருங்கள்.

தகடு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1946-இல் இத்தாலியின் பொன்டெடெராவில் பியாஜியோ நிறுவனம் வெஸ்பாவைக் கொண்டுவந்தது. அதை வடிவமைத்த கொராடினோ தாஸ்கானியோ விமானப் பொறியாளர். மோட்டார் சைக்கிளுக்கு இருப்பதுபோல் தனி ஃபிரேம் இதற்குக் கிடையாது. வளைத்து வெல்டிங் வைத்த தகடுதான் எலும்பும் தோலும். மோட்டார் சைக்கிளில் மட்கார்டு துருப்பிடித்தால் அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான். வெஸ்பாவில் கால் வைக்கும் பலகை துருப்பிடித்தால் வண்டியின் முதுகெலும்பே பலவீனமாகும். பழைய பஜாஜ் சேட்டக் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். அது வெஸ்பா ஸ்பிரின்டை வைத்துச் செய்த வண்டி. கீழே சொல்வதில் முக்கால்வாசி அதற்கும் பொருந்தும்.

கழுவுவது

வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். நல்ல தண்ணீர் என்றால் குடிக்கிற தண்ணீர். நம் பக்கம் பல ஊரில் போர்வெல் தண்ணீர் உப்பு. அதை ஊற்றிக் கழுவிவிட்டு வெயிலில் காயவைத்தால், போன உப்புக்குப் பதிலாகப் புது உப்பு ஏறிவிடும். காவிரிக் குழாய்த் தண்ணீர் அரை வாளி போதும். துணியை நனைத்துத் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் இன்னொரு முறை துடையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஓட்டுத் தாழ்வாரத்தில் பிடித்த மழைத் தண்ணீர் இருந்தால் அதைவிடச் சிறந்தது வேறு இல்லை.

பளபளக்கும் இடத்தை எல்லோரும் துடைத்துவிடுவார்கள். உப்பு தங்குவது மறைவான இடத்தில்: முன் மட்கார்டின் உள்பக்கம், கால் பலகையில் ரப்பர் பட்டைகளுக்கு அடியில், ஸ்டாண்டு மாட்டியிருக்கும் இடம், பின் சக்கரத்துக்கு மேலே உள்ள குழி. கால் பலகையில் ரப்பர் மேட் போட்டிருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அதன் அடியில் ஈரம் காய்வதே இல்லை.

வண்டியின் அடிப்பகுதிக்கு நான் வருடத்துக்கு இரண்டு முறை, மழைக்கு முன்பும் மழை முடிந்த பிறகும், கிரீஸையும் எண்ணெயையும் குழைத்துப் பிரஷ்ஷால் பூசுகிறேன். முன் காலத்தில் மரப் படகுகளுக்குப் பூசும் மீன் எண்ணெயைச் சிலர் வண்டிக்கும் பூசியிருக்கிறார்கள். வேலை செய்யும், வாடைதான் வீட்டில் இருப்பவர்களால் தாங்க முடியாது. எதைப் பூசினாலும் பிரேக் டிரம், டயர் பக்கம் ஒரு சொட்டும் போகக்கூடாது.

துரு ஓட்டை விழுந்த இடத்தில் பட்டி பூசி பெயின்ட் அடிப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. உள்ளே அரிப்பு தொடர்ந்து நடக்கும், வெளியே தெரியாது. தகட்டு வேலை செய்யும் டிங்கரிடம் கொடுத்து, அரித்த தகட்டை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள். செலவு அதிகம்தான். ஆனால் உங்கள் எடையைத் தாங்குவது அந்தத் தகடு.

கொட்டகையில் கிடந்த வண்டியை எழுப்புவது

எடுத்தவுடன் கிக்கரை உதைக்காதீர்கள். ஆசை இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வருடக்கணக்கில் நின்ற வண்டியில் ரிங் சிலிண்டரோடு ஒட்டியிருக்கும். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக இரண்டு மூன்று ஸ்பூன் டூ-டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் வண்டிக்குப் பெட்ரோலில் கலக்கும் ஆயில்) ஊற்றி ஒரு இரவு விடுங்கள். மறுநாள் வண்டியை நியூட்ரலில் வைத்து, பிளக் இல்லாமலே கிக்கரைக் கையால் மெதுவாக அமுக்கிப் பாருங்கள். இறங்கினால் நல்லது. இறங்காவிட்டால் இன்னும் இரண்டு நாள் ஊறட்டும். பலத்தைக் காட்டினால் ரிங் உடையும்.

அடுத்து பெட்ரோல் டேங்க். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பழைய பெட்ரோல் வார்னிஷ் மாதிரி கோந்தாகி இருக்கும், அடியில் துருத்தூள் கிடக்கும். டேங்கைக் கழற்றி, கொஞ்சம் பெட்ரோலும் ஒரு கை சுத்தமான சின்ன நட்டுகளும் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். துரு உதிர்ந்து வரும். போட்ட நட்டை எண்ணி வைத்து, எடுக்கும்போதும் எண்ணுங்கள். பெட்ரோலைத் திறந்து மூடும் 'காக்'கையும் குழாயையும் புதிதாக மாற்றிவிடுங்கள். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. பழைய ரப்பர் அதில் ஊறிப் பிசுபிசுக்கும். எத்தனால் தண்ணீரையும் இழுக்கும். ஈரக்காற்று உள்ள நம் ஊரில் இது இரட்டைத் தொல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் வண்டியை நிறுத்துவதாக இருந்தால் பெட்ரோல் காக்கை மூடிவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, கார்பரேட்டரைக் காலி செய்யுங்கள்.

கார்பரேட்டர் வலதுபக்க மூடிக்குள், இன்ஜின் தலைக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியில் இருக்கும். அதன் ஏர் ஃபில்டர் கம்பி வலை, பெட்ரோலில் கழுவினாலே போதும். பெட்ரோல் போகும் சின்னத் துளையுள்ள ஜெட்டுகளைக் கழற்றி ஊதுங்கள். கம்பியோ ஊசியோ விட்டுக் குடையாதீர்கள், துளை பெரிதாகிவிட்டால் பிறகு பெட்ரோல் அளவு சரிவரவே வராது. கியர் ஆயிலையும் இந்த நேரத்திலேயே மாற்றிவிடலாம்: எஸ்ஏஇ 30 ஆயில், 250 மி.லி.

இப்போது பெட்ரோல் கலவை. பிஎக்ஸ் வகை வெஸ்பாவுக்கு (எல்எம்எல் வெஸ்பாவும் அந்த வகைதான்) 2 சதவீதம், அதாவது ஒரு லிட்டருக்கு 20 மி.லி. டூ-டி ஆயில், ஐந்து லிட்டருக்கு 100 மி.லி. போர் போட்ட புது இன்ஜினுக்கு முதல் சில நூறு கிலோமீட்டர் கொஞ்சம் கூட்டிப் போடலாம். "ஆயில் அதிகமாப் போட்டா இன்ஜினுக்கு நல்லது" என்று சொல்பவர்கள் உண்டு. அளவு மீறினால் சைலன்சர் கரியடைத்து இழுவை குறையும், பிளக் நனையும். ஆயிலை முதலில் ஊற்றி, மேலே பெட்ரோல் அடித்து, வண்டியை நாலு ஆட்டு ஆட்டுங்கள்.

எர்த்தும் ஒயரும்

என் பார்வையில் இதுதான் முக்கியமான வேலை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை இதற்கென்றே ஒதுக்குங்கள். வண்டியின் பாடி, இன்ஜின், சிடிஐ, ஹெட்லைட் எல்லாம் எர்த் வாங்கும் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். போல்ட்டின் அடி, வாஷர், ஒயரின் வளையம், அது உட்காரும் உலோகம், நான்கையும் பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் தேயுங்கள். முடுக்கியபின் மேலே கொஞ்சம் கிரீஸ் பூசி மூடுங்கள். பிளக்கில் மாட்டும் மூடியையும் கழற்றிப் பாருங்கள், உள்ளே பச்சை பூத்திருந்தால் புதிது வாங்குங்கள். அது விலை குறைந்த பொருள்.

இன்ஜினோடு சுற்றி மின்சாரம் தரும் மேக்னட்டிலிருந்து சிடிஐக்கு வரும் ஒயர்கள் இந்த வண்டியின் பழைய வியாதி. இன்ஜின் சூட்டில் வெந்து வெந்து, மேலுறை காய்ந்த ஓலை மாதிரி நொறுங்கும். குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக ஓடும், சூடானால் விட்டுவிடும். விரலால் மெதுவாக வளைத்துப் பாருங்கள், வெடித்தால் மாற்ற வேண்டியதுதான். மல்டிமீட்டர் இருந்தால் அளந்துவிடலாம். இத்தாலிய பிஎக்ஸ் வண்டியில் பச்சைக்கும் வெள்ளைக்கும் நடுவே 500 ஓம் அளவும், சிவப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே 110 ஓம் அளவும் காட்ட வேண்டும். நம் நாட்டு வண்டிகளில் ஒயரின் நிறம் மாறியிருக்கலாம், அதனால் கழற்றுவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

துருப்பிடித்த நட்டுகளுக்குப் பதில் படகுச் சாமான் கடையில் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) நட்டு, போல்ட் வாங்கி மாட்டலாம், நானும் மாட்டியிருக்கிறேன். ஒரு விஷயம் மட்டும். இன்ஜின் கூடு அலுமினியம். எஸ்எஸ்ஸும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் பேட்டரி மாதிரி ஆகி, அலுமினியம் கரைய ஆரம்பிக்கும். இரண்டு வருடம் கழித்துப் போல்ட்டைத் திருப்பினால் மரையோடு சேர்ந்து வரும். மரையில் கிரீஸ் தடவாமல் எஸ்எஸ் போல்ட்டை அலுமினியத்தில் ஏற்றவே ஏற்றாதீர்கள்.

வழியில் நின்றால்

பதறாமல் ஓரமாக நிறுத்துங்கள். பெட்ரோல் காக் திறந்திருக்கிறதா, ரிசர்வ் போட்டீர்களா என்று முதலில் பாருங்கள். அப்புறம் பிளக்கைக் கழற்றுங்கள்.

பிளக் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, தீப்பொறிதான் இல்லை அல்லது போதவில்லை. துடைத்து, மூடியை மாட்டி, பிளக்கின் உலோகப் பகுதி இன்ஜினைத் தொடும்படி வையுங்கள். பிளக் ஓட்டையிலிருந்து தள்ளி வைக்க வேண்டும், அங்கே பெட்ரோல் ஆவி வரும். உதைத்தால் நீலப் பொறி சடசடவென்று அடிக்க வேண்டும். மஞ்சளாக மெலிந்து வந்தால் வேறொரு பிளக்கைப் போட்டுப் பாருங்கள். பிளக்கை எதிலும் தொடாமல் அந்தரத்தில் விட்டு உதைக்கக் கூடாது, சிடிஐ போய்விடும். பிளக் இடைவெளி 0.6 மி.மீ.

பொறியே இல்லையா? சாவி சுவிட்சிலிருந்து வந்து சிடிஐயோடு சேரும் ஒயரைப் பிடுங்கிவிட்டு உதைத்துப் பாருங்கள். இந்த வண்டியில் சாவியை அணைத்தால் அந்த ஒயர் எர்த் ஆகித்தான் இன்ஜின் நிற்கிறது. சுவிட்சுக்குள் உப்பு ஈரம் இறங்கினால், சாவி போட்டிருக்கும்போதே அது எர்த் ஆகிவிடும். ஒயரைப் பிடுங்கியதும் பொறி வந்தால் அப்படியே வீட்டுக்கு ஓட்டி வந்துவிடலாம். சாவியால் இன்ஜின் நிற்காது, நிறுத்த வேண்டிய இடத்தில் பெட்ரோல் காக்கை மூடுங்கள், அல்லது பிரேக்கைப் பிடித்துக்கொண்டு கியரிலேயே கிளட்ச்சை விடுங்கள். மழைக்காலத்தில் இந்த ஒரு சோதனை என்னை மூன்று முறை வீடு சேர்த்திருக்கிறது.

பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. டேங்க் மூடியிலிருக்கும் காற்றுத் துளை உப்பும் தூசியும் சேர்ந்து அடைத்திருக்கலாம். மூடியைத் திறந்துவிட்டு உதைத்துப் பாருங்கள். வண்டியை வலப்பக்கம் சாய்த்து உதைப்பது நம் அப்பாமார் காலத்துப் பழக்கம். ஒரு நாள் செய்தால் சரி. தினமும் சாய்த்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது என்றால் காக்கிலோ குழாயிலோ மிதவை ஊசியிலோ அடைப்பு இருக்கிறது. சோக் போட்டால் மட்டும் ஓடுகிறது, விட்டால் நிற்கிறது என்றால் ஸ்லோ ஜெட்டில் தூசி.

கியர் நழுவினாலும் உடனே இன்ஜினைப் பிரிக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். கைப்பிடியிலிருந்து இன்ஜினுக்கு வரும் இரண்டு கியர் கேபிளும் துருவேறித் தளர்ந்திருக்கும். கேபிளின் மேல் முனையில் பாலித்தீன் தாளைக் கூம்பாகச் சுற்றிக் கட்டி, ஆயில் ஊற்றி இரவு முழுக்க இறங்கவிடுங்கள். அதிலும் சரியாகாவிட்டால் கேபிளை மாற்றுங்கள். அதற்கும் அடங்காவிட்டால்தான் இன்ஜினுக்குள் பார்க்க வேண்டும்.

இன்ஜினையே பார்க்க வேண்டிய நேரம்

சில அடையாளங்களை அலட்சியம் செய்யக்கூடாது. ஆக்சிலேட்டரை விட்டபிறகும் இன்ஜின் வேகம் இறங்காமல் இரைந்துகொண்டே இருந்தால் எங்கோ காற்று உள்ளே போகிறது, பெரும்பாலும் மேக்னட் பக்க ஆயில் சீல் (கசிவை அடைக்கும் ரப்பர் வளையம்). பிளக் வெளுத்துப்போயிருக்கும். அப்படியே ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். வெள்ளைப் புகை அடர்த்தியாக வந்து, கியர் ஆயிலும் குறைந்துகொண்டே போனால் கிளட்ச் பக்க சீல் போயிருக்கிறது. பிளக் முனை காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் எல்லாம் நலம்.

ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் வரை நேர்ச்சாலை, எதிர்க்காற்று. ஆக்சிலேட்டரை முழுதாக முறுக்கி நீண்ட நேரம் ஓட்டத் தோன்றும். கொஞ்சம் விட்டுவிட்டு ஓட்டுங்கள். பாம்பன் சாலைப் பாலத்தின் உச்சியிலிருந்து இறங்கும்போது ஆக்சிலேட்டரை முழுதாக மூடி, கியரிலேயே உருளவிடாதீர்கள். டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலோடு சேர்ந்துதான் வருகிறது. பெட்ரோல் நின்றால் ஆயிலும் நிற்கும், இன்ஜின் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். இறக்கத்தில் அவ்வப்போது ஒரு சின்ன முறுக்கு கொடுங்கள். ஓட்டத்தில் இன்ஜின் திடீரென்று இறுகுவதுபோல் தெரிந்தால் அந்த நொடியே கிளட்ச்சைப் பிடியுங்கள்.

சக்கரம்

நம் மாவட்டத்தில் சீமைக்கருவேல முள் இல்லாத ரோடு எது? பஞ்சர் வரத்தான் செய்யும், ஸ்டெப்னி காற்றோடு இருக்கட்டும். முன் சக்கரத்துக்கு 18 பிஎஸ்ஐ, பின்னால் தனியாகப் போனால் 25, ஆள் ஏற்றினால் 36. பஞ்சர் பார்க்கும்போது உயிருக்கே ஆபத்தான ஒரு தவறு நடக்கும். சக்கரத்தை டிரம்மோடு பிடிக்கும் நட்டு வேறு, ரிம்மின் இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடிக்கும் நட்டு வேறு. காற்று இருக்கும்போது இரண்டாவதைக் கழற்றினால் ரிம் வெடித்துப் பிரிந்து முகத்தில் அடிக்கும். முதலில் சக்கரத்தைக் கழற்றி, வால்வைத் திருகி எடுத்து, டயரைக் காலால் மிதித்துக் காற்றை முழுக்க வெளியேற்றிய பிறகுதான் ரிம்மில் கை வைக்க வேண்டும். பஞ்சர் ஒட்டும் பையன் புதியவனாக இருந்தால் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுங்கள்.

பின் டிரம்மின் நடுவே பெரிய நட்டு ஒன்று இருக்கும், அதை ஒரு ஊசி குறுக்கே பூட்டியிருக்கும். உப்பில் அந்த ஊசி மக்கி உதிர்ந்துவிடும், நட்டு தளர்ந்து டிரம்மின் பல்லைத் தேய்த்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஊசியைப் புதிதாக மாற்றுங்கள்.

பேப்பர் விஷயமும் இருக்கிறது. பதிவு 15 வருடத்துக்குத்தான், அதன்பின் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ஆர்டிஓ அலுவலகத்தில் வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். பசுமை வரி, இன்ஷூரன்ஸ், புகைச் சான்று மூன்றையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தாத்தா பெயரில் இருந்தால் வாரிசுப் பெயர் மாற்றத்தை முதலில் முடியுங்கள், மற்ற வேலைகள் பிறகு சுலபம்.

என் வண்டி டிக்கியில் எப்போதும் இருப்பவை: ஒரு புது பிளக், பிளக் ஸ்பானர், கிளட்ச் கேபிளின் உள்கம்பி ஒன்று, திருப்புளி, 13 நம்பர் ஸ்பானர், ஒரு சாண் ஒயர், உப்புத்தாள் ஒரு துண்டு, சின்ன டப்பாவில் கிரீஸ், ஒரு பழைய பனியன். அரிச்சல்முனைக்குப் போனால் தார்ச்சாலையிலேயே நிறுத்துங்கள், படம் எடுப்பதற்காக வண்டியை அலை நுனிவரை இறக்க வேண்டாம். வீட்டுக்கு வந்ததும், டீ குடிக்கும் முன்பே, நனைத்த துணியால் ஒரு முறை துடைத்துவிடுங்கள்.